சுருக்கமும் சுருக்கெழுத்தும்

நேயர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். அவருடைய வீட்டு அலமாரியில் ஏறக்குறைய 300 குறுந்தகடுகள் இருக்கின்றனவாம். கர்நாடக சங்கீதக் கச்சேரிகள், நாகஸ்வர இசை, பழைய திரைப்படப் பாட்டுகள், மூத்த பெண்ணின் கல்யாணத்தில் நடந்த கச்சேரியின் பதிவு எல்லாம் அவற்றில் அடக்கம். அவற்றை ஒலிக்கச் செய்து வந்த பெட்டி பழுதாகிவிட்டது. பழுது பார்ப்பவர் அகப்படவில்லை. புதிதாக வாங்கிய கணினியிலோ தகடு செருகுவதற்கு வாயே இல்லை. ஆகவே எல்லாத் தகடுகளையும் கணினிக் கோப்புகளாக மாற்றி வைத்துவிட அவர் தீர்மானித்திருக்கிறார். தீர்மானம் நல்ல தீர்மானந்தான். ஆனால் காரியத்தைத் தொடங்குமுன்பே வீட்டில் கட்சி பிரிந்துவிட்டது. மூத்த மாப்பிள்ளை 'எம்.பி.3 போதும்' என்கிறாராம். இளைய மாப்பிள்ளை 'ஃபிளாக்தான் வேண்டும்' என்கிறாராம். அடுத்த வீட்டு இளைஞர் 'வேவ் இருக்க வேறு எதற்கு?' என்கிறாராம். யார் சொல்வதைக் கேட்பது என்று நேயர் நம்மை மத்தியஸ்தம் செய்யச் சொல்கிறார்.

இந்தச் சங்கடம் அவர் ஒருவருக்கே உரியதன்று. 1990-க்கும் 2010-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் நம் வீடுகளில் சேர்ந்த தகடுகள் கொஞ்சமல்ல. அவற்றுள் பல இன்று கடையில் கேட்டால் கிடைப்பதில்லை. ஒரு சிறு சபை தன் ஆண்டு விழாக் கச்சேரியைச் சில நூறு தகடுகளாகப் போட்டு விற்றிருக்கும். அவற்றில் ஒன்று நம் அலமாரியில் இருக்கும். மற்றவை எங்கே போயினவோ யாருக்குத் தெரியும்? எந்த வடிவத்தில் கோப்பாக்குவது என்பது பார்வைக்குச் சில்லறைக் கேள்வி. ஆனால் அதற்குத் தவறான விடை கண்டு, அந்த நம்பிக்கையில் தகடுகளையும் கைவிட்டுவிட்டால், பிறகு திருத்திக்கொள்ள வழியே கிடையாது. அதனால்தான் இந்த வாரம் முழுவதையும் இக்கேள்விக்கே ஒதுக்கினோம்.

முதலில் தகட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பிலிப்ஸ், சோனி என்னும் இரு கம்பெனிகளின் கூட்டு முயற்சியால் 1982-ஆம் ஆண்டில் குறுந்தகடு கடைக்கு வந்தது. இதில் ஒலியலையின் உயரத்தை நொடி ஒன்றுக்கு 44,100 தடவை அளந்து, அந்த அளவுகளை எண்களாகக் குறித்து வைக்கிறார்கள். மனிதச் செவிக்கு எட்டும் மிக உயர்ந்த ஒலி நொடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் கொண்டது. அதைத் தவறாமல் பிடிக்க அதைப் போல் இரு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். அதனால் வந்த கணக்கு இது. ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட். இடப்புறம் வலப்புறம் என இரண்டு வரிசை. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 14,11,200 பிட்டுகள் ஆகின்றன. ஒரு மணி நேரக் கச்சேரிக்கு 635 மெகாபைட் இடம் வேண்டும்.

இந்தக் கணக்கிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. பழைய ஒலிநாடாவை நகல் எடுத்தால், எவ்வளவு ஜாக்கிரதையாக எடுத்தாலும் நகல் மூலத்தைவிடச் சற்றேனும் மங்கிப்போகும். தகட்டில் இருப்பவையோ வெறும் எண்கள். ஐந்து என்ற எண்ணை நகல் எடுத்தால் அது ஐந்தாகவே இருக்கும். நாலே முக்கால் ஆகிவிடாது. ஆகவே குறுந்தகட்டை இம்மியும் குறையாமல் வேறிடத்துக்கு மாற்றிவிட முடியும். ஒலிநாடா வைத்திருந்தவர்களுக்குக் கிட்டாத பாக்கியம் இது. கிட்டியதை நாமாகத் தள்ளிவிடலாமா என்பதுதான் மாப்பிள்ளைமார் இருவருக்கும் இடையே உள்ள வழக்கு.

கோப்பு வடிவங்களின் பெயர்கள் எத்தனை இருந்தாலும் ஜாதி இரண்டே. பள்ளிக்கூடத்து உதாரணம் ஒன்றால் இதை விளக்கலாம். ஒருவர் மேடையில் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்கிறார். சுருக்கெழுத்தாளர் ஒருவர் அதைக் குறித்துக்கொள்கிறார். அவருடைய ஏடு சிறியதுதான். எனினும் பிரசங்கத்தின் ஒவ்வொரு சொல்லையும் அதிலிருந்து திரும்ப எழுதிவிடலாம். அதே பிரசங்கத்தைக் கேட்ட மாணவன் ஒருவன் இரண்டு பக்கத்தில் சுருக்கம் எழுதுகிறான். கெட்டிக்கார மாணவனாக இருந்தால் முக்கியமானது எதுவும் விட்டுப்போயிராது. ஆனால் அந்த இரண்டு பக்கத்தைக்கொண்டு பழைய பிரசங்கத்தைச் சொல்லுக்குச் சொல் மீட்க யாராலும் முடியாது. ஃபிளாக் என்பது சுருக்கெழுத்து. எம்.பி.3 என்பது சுருக்கம்.

ஃபிளாக் எப்படி வேலை செய்கிறது? சங்கீதத்தில் ஒரு கணத்துக்கும் அடுத்த கணத்துக்கும் தொடர்பு உண்டு. முன்னே வந்த எண்களைப் பார்த்து அடுத்த எண் இன்னதாக இருக்கும் என்று ஒரு விதிப்படி அது ஊகிக்கிறது. ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள சிறு வித்தியாசத்தை மட்டும் எழுதிக்கொள்கிறது. திரும்ப ஒலிக்கும்போது அதே விதியால் ஊகித்து, வித்தியாசத்தைக் கூட்டினால், மூல எண் அப்படியே வந்துவிடுகிறது. கோப்பின் அளவு பெரும்பாலும் மூலத்தில் பாதியிலிருந்து 70 சதவிகிதம் வரை இருக்கும். 2001-ஆம் ஆண்டில் ஜாஷ் கோல்சன் என்பவர் இதன் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார். காப்புரிமைத் தொல்லை இல்லை. அமைப்பு முழுவதும் பகிரங்கம். 2024-ஆம் ஆண்டின் இறுதியில் இணையத் தரநிலை ஆவணங்களில் ஒன்றாகவும் இது வெளியாகிவிட்டது. உண்டாக்கியவர்கள் நாளைக்கே கடையைக் கட்டினாலும் அந்த ஆவணத்தைப் படித்து வேறொருவர் இதைத் திறக்கும் செயலியை எழுதிவிடலாம்.

எம்.பி.3-இன் யுக்தி வேறு. பலத்த ஓசை ஒன்று எழும்போது அதை ஒட்டிய மெல்லிய ஓசைகள் நம் காதில் விழுவதில்லை. மிருதங்கம் முழங்கும் கணத்தில் தம்பூராவின் நாதத்தில் ஒரு பகுதி அப்படி மறைந்துபோகும். கேட்காததை எதற்காக எழுத வேண்டும் என்று அதை விட்டுவிடுவதே எம்.பி.3-இன் வழி. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிலையத்தைச் சேர்ந்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலிய அறிஞர்கள் பல ஆண்டு உழைத்துக் கண்ட முறை இது. வாத்தியம் ஏதுமின்றி சூசன் வேகா தனிக் குரலில் பாடிய ஒரு பாட்டை ஆரம்பத்தில் இம்முறையில் சுருக்கிப் பார்த்தபோது குரல் விகாரமாகக் கேட்டதாம். அதையே பரீட்சையாக வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி திருத்தினார்கள். மறைத்துக்கொள்ள வேறு ஓசை இல்லாத தனிக் குரலில் குற்றம் உடனே வெளிப்பட்டுவிடும். தம்பூராவின் துணையோடு மட்டும் மெதுவாக ஆலாபனை செய்யும் நம் பாடகர்களின் இசைக்கும் இந்தப் பரீட்சை பொருந்தும்.

எம்.பி.3-ஐ நாம் இழிவாகப் பேசுவதாக யாரும் எண்ணவேண்டாம். நொடிக்கு 192 அல்லது 256 கிலோபிட் என்ற அளவில் நன்றாகச் செய்த எம்.பி.3-ஐயும் மூலத் தகட்டையும் மாற்றி மாற்றி ஒலித்தால், எது எது என்று சொல்ல நம்மில் பெரும்பாலோரால் முடியாது. ஆகவே 'ஃபிளாக்கில் இசை தேனாக ஒழுகும், எம்.பி.3-இல் தகரமாக ஒலிக்கும்' என்று இளைய மாப்பிள்ளை வாதிட்டால் அந்த வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. தீர்ப்பு அவர் பக்கந்தான். ஆனால் காரணம் வேறு.

காரணம் இதுதான்: சுருக்கத்தைப் பார்த்து மறுபடி சுருக்கம் எழுதினால் என்ன ஆகும் என்பது ஆசிரியர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். ஒரு மாணவனின் விடையைப் பார்த்து இன்னொருவன் எழுத, அதைப் பார்த்து மூன்றாமவன் எழுதினால், மூன்றாவது தாளில் அசோகர் கலிங்கத்தில் தோற்றுப்போயிருப்பார். கோப்பு வடிவங்கள் என்றென்றும் ஒன்றாக இருப்பதில்லை. எம்.பி.3 என்ற பெயரொட்டு 1995-இல் வந்தது. 1997-இல் ஏ.ஏ.சி. என்ற முறை வகுக்கப்பட்டது. 2002-இல் வோர்பிஸ் நிறைவடைந்தது. 2012-இல் ஓபஸ் வந்து, எம்.பி.3 எடுத்துக்கொள்ளும் இடத்தைவிடக் குறைந்த இடத்தில் அதே அளவு நயத்தைக் காட்டியது. இனி இன்னொன்று வாராது என்று யார் சொல்ல முடியும்? ஃபிளாக்காக வைத்திருப்பவர், புதிய வடிவம் வரும்போதெல்லாம் மூலத்திலிருந்தே புதிய சுருக்கம் எழுதிக்கொள்ளலாம். எம்.பி.3-ஆக மட்டும் வைத்திருப்பவர், குறைபட்டதை மேலும் குறைத்துக்கொண்டே போக வேண்டும்.

நமக்குத் தெரிந்த சங்கீத ரசிகர் ஒருவர் 2004-ஆம் ஆண்டு வாக்கில் தம்முடைய தகடுகளையெல்லாம் 128 கிலோபிட் எம்.பி.3-ஆக மாற்றிவிட்டு, 'இனி இந்தக் குப்பை எதற்கு?' என்று தகடுகளை ஒரு வாசகசாலைக்குக் கொடுத்துவிட்டார். அக்காலத்துச் சிறிய ஒலிபெருக்கியில் அது நன்றாகத்தான் கேட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அவர் மகன் நல்ல ஒலிபெருக்கி ஒன்று வாங்கி வைத்தான். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் ஒவ்வோர் அடிக்கும் சற்று முன்னாலேயே ஒரு மெல்லிய இரைச்சல் நிழல்போல் கேட்க ஆரம்பித்தது. குறைந்த அளவில் சுருக்கும்போது, திடீரென்று எழும் கூர்மையான ஓசைகளில் நேரும் குறைபாடு இது. வாசகசாலைக்கு ஆள் அனுப்பினார். அந்தக் கட்டிடம் இடிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரிடம் இருந்த பல்லவிக் கச்சேரி ஒன்றை நாம் வேறெங்கும் கேட்டதில்லை.

'அப்படியானால் அக்காலத்தில் எல்லோரும் ஏன் எம்.பி.3-ஐ நாடினார்கள்?' என்று கேட்கலாம். அன்று இடத்துக்குப் பஞ்சம். சில ஜிகாபைட் கொண்ட ஹார்ட் டிஸ்க்கே பெரிதாக இருந்த காலம் அது. இன்றைய கணக்கைப் பார்ப்போம். நேயரின் 300 தகடுகளும் சராசரி ஒரு மணி நேரம் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். வேவ் என்ற வடிவத்தில், அதாவது சுருக்காமல் அப்படியே, வைத்தால் சுமார் 190 ஜிகாபைட். ஃபிளாக்கில் வைத்தால் சுமார் 115 ஜிகாபைட். 192 கிலோபிட் எம்.பி.3-இல் சுமார் 26 ஜிகாபைட். இன்று சாதாரணமாக விற்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் 1,000 ஜிகாபைட் இடம் இருக்கிறது. எம்.பி.3-ஐத் தேர்ந்தால் மிச்சமாகும் இடம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிக்கனம் நல்லதுதான், ஆனால் உப்பை மிச்சம் பிடிக்கப்போய் ஊறுகாயைக் கெடுத்துக்கொள்ளலாகாது.

அடுத்த வீட்டு இளைஞரின் கட்சிக்கும் பதில் சொல்ல வேண்டும். வேவ் கோப்பிலும் குறைவு ஏதுமில்லை. ஆனால் அது இரு மடங்கு போல் இடம் பிடிக்கும். பாட்டின் விவரங்களை அதற்குள் எழுதி வைக்க எல்லாச் செயலிகளும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு இல்லை. கோப்பு கெட்டுப்போனால் கெட்டது என்று தெரிவிக்கும் அடையாளமும் இல்லை. ஃபிளாக் கோப்பிலோ மூல எண்கள் அனைத்தையும் கொண்டு கணக்கிட்ட முத்திரை ஒன்று உள்ளேயே பதிந்திருக்கும். பத்து ஆண்டுகள் கழித்தும் அந்த முத்திரையை ஒத்துப் பார்த்து, ஒரு பிட் மாறியிருந்தாலும் கண்டுகொள்ளலாம். ஆப்பிள் கருவிகளையே புழங்கும் வீட்டார் ஆப்பிள் கம்பெனியின் இழப்பில்லா வடிவமான ஆலாக்கைக் கொள்வதிலும் தோஷமில்லை. 2004-இல் வந்த அதுவும் சுருக்கெழுத்து ஜாதியே. 2011 முதல் அதன் அமைப்பும் பகிரங்கம். ஃபிளாக்கை ஆலாக்காகவும் ஆலாக்கை ஃபிளாக்காகவும் எத்தனை முறை மாற்றினாலும் இசை குறையாது.

சிலர், 'மாற்றுகிறதுதான் மாற்றுகிறோம், 24 பிட், 96,000 அளவு என்று உயர்த்தி வைத்துக்கொள்ளலாமே' என்பார்கள். தகட்டில் இருப்பது 16 பிட், 44,100. அரைப்படி அரிசியைக் குதிரில் கொட்டினால் குதிர் நிறைந்துவிடாது. உள்ளதை உள்ளபடி எடுத்தால் போதும்.

நம் சங்கீதத்துக்கென்றே உரிய விஷயங்கள் இரண்டு உண்டு. முதலாவது இடைவெளி. ராகம் தானம் பல்லவியைத் தகட்டில் பல துண்டுகளாகப் பிரித்திருப்பார்கள். ஆனால் ஒலிக்கும்போது துண்டு தெரியாது. எம்.பி.3 ஒவ்வொரு துண்டின் தலையிலும் வாலிலும் சிறிது மௌனத்தைச் சேர்த்துவிடும். அதை நீக்கி ஒலிக்கும் செயலிகள் உண்டு; நீக்காதவையும் உண்டு. நீக்காதவற்றில் ராகத்திலிருந்து தானத்துக்குப் போகும் இடத்தில் பாடகருக்கு விக்கல் எடுத்ததுபோல் இருக்கும். ஃபிளாக்கில் இந்தத் தொல்லை வடிவத்தால் வருவதில்லை.

இரண்டாவது விவரக் குறிப்பு. மேல்நாட்டார் வகுத்த பட்டியலில் பாட்டின் பெயர், பாடியவர், தொகுப்பின் பெயர், ஆண்டு என்ற தலைப்புகள் முதன்மையானவை. நமக்கோ ராகம் வேண்டும், தாளம் வேண்டும், இயற்றியவர் வேண்டும், வயலின் யார், மிருதங்கம் யார் என்று தெரிய வேண்டும். ஃபிளாக்கில் நாம் விரும்பும் தலைப்புகளை நாமே சேர்த்துக்கொள்ளலாம். தலைப்பின் பெயர் மட்டும் ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும். அதன் கீழ் எழுதுவதைத் தமிழிலேயே எழுதலாம். தமிழில் எழுதுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ரோமன் எழுத்தில் தோடியை நால்வர் நான்கு விதமாக எழுதுவார்கள். பிறகு தேடினால் பாதிதான் அகப்படும். போதாததற்கு ஹிந்துஸ்தானியிலும் அதே பெயரில் வேறொரு ராகம் இருக்கிறது. தகட்டுடன் வந்த அட்டையையும் படமெடுத்து அதே மடிப்பில் வைத்துவிடுங்கள். பக்கவாத்தியக்காரர்களின் பெயர்கள் பல சமயம் அந்த அட்டையைத் தவிர வேறெங்கும் இருப்பதில்லை.

இனி, எடுக்கும் முறை. கணினியில் பொருத்திக்கொள்ளத் தனியான டிரைவ் கடையில் கிடைக்கிறது. தகட்டில் கீறல் இருந்தால், விடுபட்ட எண்களுக்குப் பதிலாகச் சாதாரணக் கருவி அக்கம்பக்கத்து எண்களைப் பார்த்து ஒன்றை இட்டு நிரப்பிவிட்டு வாய் திறவாமல் இருந்துவிடும். கேட்டுக்கொண்டு போவதற்கு அது சௌகரியம். நகல் எடுப்பதற்கு அது மோசடி. ஆகவே சந்தேகமான இடத்தை மறுபடி மறுபடி படித்து ஒத்துப் பார்க்கும் செயலியைக் கொள்ள வேண்டும். விண்டோஸ் கணினிக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, லினக்ஸுக்கு சிடிபாரனோயா, மாக்கிண்டாஷுக்கு எக்ஸ்.எல்.டி. ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. உலகெங்கும் பிறர் எடுத்த நகல்களோடு நம் நகலை ஒப்பிட்டுச் சரி பார்க்கும் அக்யுரேட்ரிப் என்ற ஏற்பாடும் உண்டு. அபூர்வமான தகடுகள் அதன் பதிவில் இல்லாமல் போகலாம். அப்போது இரண்டு முறை எடுத்து இரண்டும் ஒன்றா என்று பார்த்துக்கொள்வது நல்லது. தகட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்க வேண்டும். சுற்றிச் சுற்றித் துடைக்கலாகாது. பெயர் அச்சிட்ட மேற்புறத்தை அலட்சியம் செய்யவேண்டாம். ஒளியைத் திருப்பும் உலோகப் பூச்சு அந்தப் புறத்தில்தான் மெல்லிய மேலுறைக்குக் கீழே இருக்கிறது. அங்கே விழும் கீறல் கீழ்ப்புறக் கீறலைவிடப் பொல்லாதது.

எடுத்து முடித்தபின் ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்பியிராதீர்கள். இரண்டில் எழுதி, ஒன்றை வேறு ஊரிலுள்ள மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ வைத்துவிடுங்கள். ஆண்டுக்கொரு முறை முத்திரையைச் சோதியுங்கள். தகடுகளையும் எறிந்துவிடாதீர்கள். நாம் விலை கொடுத்து வாங்கியதை நம் சொந்த உபயோகத்துக்கு நகல் எடுப்பதற்கு நமது நாட்டுச் சட்டம் இடங்கொடுக்கிறது. ஊராருக்கெல்லாம் விநியோகம் செய்வதற்கு இடங்கொடுக்கவில்லை. உழைத்துப் பாடியவர்களின் பங்கை மறக்கலாகாது.

மூத்த மாப்பிள்ளையையும் நாம் வெறுங்கையோடு அனுப்பப் போவதில்லை. மோட்டார் வண்டியில் கேட்பதற்கும் கைப்பேசியில் கொண்டுபோவதற்கும் சுருக்கமே சௌகரியம். கைப்பேசிக்கு 128 கிலோபிட் ஓபஸ். பழைய வண்டியின் பெட்டிக்கு 256 கிலோபிட் எம்.பி.3. ஃபிளாக் கோப்புகளிலிருந்து இவற்றை எப்போது வேண்டுமானாலும், கணினியிடம் ஒப்படைத்துவிட்டு ஓர் இரவில் செய்துகொள்ளலாம். தொலைந்தால் வருத்தமில்லை, மூலம் வீட்டில் இருக்கிறது.

கடைசியாக வரிசை பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலோர் தங்களுக்கு மிகவும் பிரியமான, பிரபலமான தகடுகளிலிருந்தே வேலையைத் தொடங்குவார்கள். அவை இன்னும் பத்து வீடுகளில் இருக்கும். கம்பெனி அச்சிட்ட தகட்டில் குழிகள் பிளாஸ்டிக்கிலேயே வார்க்கப்பட்டவை. நிழலில் வைத்தால் அவை நெடுநாள் தாங்கும். வீட்டுக் கல்யாணத்தையும் பள்ளி ஆண்டு விழாவையும் எழுதி வைத்த 'சி.டி.ஆர்.' தகட்டிலோ இருப்பது ஒரு வகைச் சாயம். வெயிலிலும் வெப்பத்திலும் அது வெளுக்கும். நமது ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. ஆகவே மூத்த பெண்ணின் கல்யாணக் கச்சேரித் தகட்டை நேயர் முதலில் எடுக்கட்டும். மகா வித்வான்கள் அடுத்த வாரம் வரை காத்திருப்பார்கள்.